முன் சைட் ஆடுகிறதா? இறுக்கும் முன் காரணத்தைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மாவட்ட ரைஃபிள் கிளப்பில் ஓபன் சைட் ஏர் ரைஃபிள் பழகுகிறாள். கிளப் துப்பாக்கிக்கு முறை வைத்துக் காத்திருக்க வேண்டியிருப்பதால், பழைய மாணவர் ஒருவரிடமிருந்து, பேரலை மடக்கி பெல்லட் போடும் ஸ்ப்ரிங் ரைஃபிள் ஒன்றை வாங்கிக்கொடுத்தோம். முதலில் நன்றாகத்தான் சுட்டாள். இப்போது பெல்லட்டுகள் இடமும் வலமுமாகச் சிதறுகின்றன. "எனக்குத்தான் கை நடுங்குதும்மா" என்று அழுகிறாள். துப்பாக்கியைத் துடைக்கும்போது முன் சைட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஆடுகிறது. பக்கத்து வீட்டுத் தம்பி சூப்பர் க்ளூ ஊற்றிவிடலாம் என்கிறார். என் அண்ணன், லேத் பட்டறையில் கொடுத்து ஒரு பொட்டு வெல்டிங் வைத்துவிடலாம் என்கிறார். இதை வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது?

— ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முடியும் அம்மா. பெரும்பாலான நேரங்களில் சரியான அளவு ஆலன் கீ, சுத்தமான துணி, ஒரு மாலைப்பொழுது ஆகியவையே போதும். சூப்பர் க்ளூவும் வேண்டாம், வெல்டிங்கும் வேண்டாம். ஆனால் ஸ்க்ரூவில் கை வைப்பதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. உங்கள் மகளிடம் பேசுவது முதல் வேலை. சைட் ஏன் தளர்ந்தது என்று கண்டுபிடிப்பது இரண்டாவது. காரணம் தெரியாமல் இறுக்கிய சைட் சில வாரங்களில் மறுபடி ஆடும்.

மகளிடம் முதலில் சொல்லுங்கள்: கை நடுக்கம் எல்லோருக்கும் உண்டு, ஆனால் அவளுடைய பெல்லட்டுகள் இப்போது சிதறுவதற்குத் துப்பாக்கியே காரணமாக இருக்கலாம். இதைச் சொல்வது மிக முக்கியம். பழகத் தொடங்கிய பிள்ளைகள் துப்பாக்கியின் கோளாறைத் தங்கள் கோளாறாக எடுத்துக்கொள்கிறார்கள். வலப்பக்கம் போகிறதே என்று சற்று இடப்பக்கம் குறிவைப்பார்கள். அடுத்த முறை சைட் வேறு பக்கம் சாய்ந்திருக்கும். பெல்லட் இன்னும் தள்ளிப் போகும். பிறகு ட்ரிகரை வெடுக்கென்று இழுக்கத் தொடங்குவார்கள். சைட்டை ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். இந்தப் பழக்கம் படிந்துவிட்டால் அதைப் போக்கப் பல மாதங்கள் ஆகும்.

கண்ணுக்குத் தெரியாத ஆட்டம், இலக்கில் எவ்வளவு?

முன் சைட்டின் சின்ன ஆட்டம் இவ்வளவு கெடுதல் செய்யுமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையே உள்ள தூரம் உங்கள் ரைஃபிளில் சுமார் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். இலக்கு 10 மீட்டரில் இருக்கிறது. அதாவது சைட்டுகளுக்கு இடையிலான தூரத்தைப்போல 20 மடங்கு. ஆகவே முன் சைட் எவ்வளவு நகர்கிறதோ, அதைப்போல 20 மடங்கு பெல்லட் இடம் மாறும். சைட் கால் மில்லிமீட்டர் நகர்ந்தால் இலக்கில் 5 மி.மீ. தள்ளி விழும்.

சர்வதேச விதிப்படியான 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கில் 10 புள்ளிக்கான நடுப்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். 9 புள்ளி வட்டத்தின் விட்டம் 5.5 மி.மீ. அதற்குப் பிறகு ஒவ்வொரு வட்டமும் முந்தைய வட்டத்தைவிட எல்லாப் பக்கமும் 2.5 மி.மீ. அகலம். ஆக, 5 மி.மீ. தள்ளி விழுந்தால் இரண்டு புள்ளிகள் போய்விடும். அந்தக் கால் மில்லிமீட்டர் என்பது நோட்டுப் புத்தகத் தாள் இரண்டு மூன்றை அடுக்கி வைத்த கனம். கண்ணால் பார்த்தால் தெரியாது. விரலால் அசைத்தால்தான் தெரியும்.

சுழலும் ஆட்டம் இதைவிட மோசம். பேரலை வளையம்போல் கவ்விப் பிடிக்கும் சைட்டுகள் உண்டு. அவை பேரலைச் சுற்றித் திரும்பக்கூடும். சைட்டின் முனை பேரலின் மையத்திலிருந்து 20 மி.மீ. உயரத்தில் இருந்து, வளையம் 1 டிகிரி திரும்பினால் முனை 0.35 மி.மீ. பக்கவாட்டில் நகரும். இலக்கில் அது 7 மி.மீ. ஆகிவிடும்.

திசையையும் நினைவில் வையுங்கள். முன் சைட் வலப்பக்கம் நகர்ந்தால் பெல்லட் இடப்பக்கம் போகும். சைட் மேலே ஏறினால் பெல்லட் கீழே இறங்கும். எல்லாமே எதிர்த்திசை. பின் சைட்டில் அப்படியில்லை; அது நகரும் பக்கமே பெல்லட்டும் நகரும். இந்த வேறுபாட்டை உங்கள் மகள் இப்போதே கற்றுக்கொண்டால் கோளாறு எங்கே என்று இலக்குத் தாளைப் பார்த்தே ஊகிக்கத் தொடங்கிவிடுவாள்.

தொடுவதற்கு முன் பாதுகாப்பு

துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். உங்களுடையது பேரல் மடங்கும் வகை. ஸ்ப்ரிங் ஏறிய நிலையில் ஒருபோதும் வேலை செய்யாதீர்கள். பேரலைத் திறந்துவைத்திருக்கும்போது தவறுதலாக ட்ரிகர் விடுபட்டால் பேரல் பலமாக மேலெழும்பி மூடும். விரல் நசுங்கும், பேரலும் வளைந்துபோகலாம். ஸ்ப்ரிங் ஏறியிருந்தால் கிளப்புக்குக் கொண்டுபோய், பயிற்சியாளர் முன்னிலையில் ரேஞ்சில் பெல்லட் போட்டு இலக்கில் சுட்டுக் காலிசெய்யுங்கள். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடக் கூடாது. பெல்லட்டின் எதிர்ப்பு இல்லாவிட்டால் பிஸ்டன் முன்சுவரில் நேராக மோதி ஸ்ப்ரிங்கும் சீலும் சேதமாகும்.

ஸ்ப்ரிங் ஏறாத துப்பாக்கியை மேசையில் பழைய போர்வை விரித்து வையுங்கள். வாய்ப்பகுதி யார் பக்கமும் திரும்பக் கூடாது. பெல்லட் டப்பா அந்த மேசையிலேயே இருக்கக் கூடாது. வேலை முடிந்ததும் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பெல்லட்டுகள் ஈயத்தால் ஆனவை, அந்தத் தூள் பேரலின் முனையில் படிந்திருக்கும்.

ஆடுவது உண்மையில் எது?

"முன் சைட் ஆடுகிறது" என்று சொல்கிறோம். ஆனால் முன் சைட் ஒரே துண்டு அல்ல. பல துப்பாக்கிகளில் அது மூன்று பாகம்: பேரலோடு சேரும் அடிப்பகுதி, அதன் மேல் குழாய் அல்லது மறைப்பு, அதற்குள் குறி பார்க்க உதவும் சிறு தகடு. மாற்றிப்போடக்கூடிய இந்தத் தகட்டைப் பயிற்சியாளர்கள் இன்சர்ட் என்பார்கள். முதலில் இன்சர்ட்டை நகத்தால் தொட்டுப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் திருகு வளையம் மட்டும் தளர்ந்திருந்தால் விரலால் திருகி இறுக்கினாலே போதும், வேலை முடிந்தது.

அது உறுதியாக இருந்தால், ஒரு கையால் பேரலைப் பிடித்துக்கொண்டு மறுகையால் சைட்டின் அடியை மூன்று விதமாக அசையுங்கள்: இடம் வலம், முன் பின், பிறகு பேரலைச் சுற்றித் திருப்புவதுபோல். எந்தத் திசையில் ஆடுகிறது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் சைட்டும் பேரலும் சேரும் கோட்டில் தையல் மிஷின் எண்ணெய் ஒரு துளி வைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் எண்ணெய் அந்த இடுக்கில் உள்ளே போய் வெளியே வரும். எங்கே அது அசைகிறதோ அங்கேதான் கோளாறு. சோதித்து முடிந்ததும் அந்த எண்ணெயை முழுவதும் துடைத்துவிட வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முன் சைட்டோடு நின்றுவிடாதீர்கள். பின் சைட்டின் ஸ்க்ரூக்கள், மரக்கட்டையையும் இரும்புப் பகுதியையும் சேர்க்கும் ஸ்க்ரூக்கள் எல்லாவற்றையும் பாருங்கள். முன்கட்டையின் இருபக்கமும், ட்ரிகர் வளையத்தின் அருகிலும் அவை இருக்கும். ஸ்ப்ரிங் ரைஃபிளில் இவை தளர்வது மிகச் சாதாரணம். பெல்லட் கிளம்பும்போது பிஸ்டன் முன்னே பாய்வதால் துப்பாக்கி பின்னே உதைக்கும். உடனே பிஸ்டன் முன்சுவரில் நிற்கும்போது துப்பாக்கி முன்னே இழுபடும். ஒவ்வொரு முறை சுடும்போதும் இப்படி இரண்டு எதிரெதிர் அதிர்ச்சிகள். ஸ்க்ரூக்கள் தளர்வதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறில்லை.

பேரலின் கீலைப் பற்றியும் பலர் கவலைப்படுகிறார்கள். உங்கள் ரைஃபிளில் முன் சைட், பின் சைட் இரண்டும் பேரலின் மேலேயே இருந்தால், கீலில் சிறு ஆட்டம் இருந்தாலும் குறி பெரிதாகக் கெடாது. பேரலும் இரண்டு சைட்டுகளும் சேர்ந்தே நகரும். ஆனால் பின் சைட் பேரலுக்குப் பின்னால், இரும்பு உடலின் மேல் இருந்தால் கீலின் ஆட்டம் நேராக இலக்கில் தெரியும். நாளைக்கு உங்கள் மகள், சிறு துளை வழியே குறி பார்க்கும் பீப் சைட்டுக்கு மாறும்போது இந்த விஷயத்தை மறக்காமல் பாருங்கள்.

தளர்வதற்கு மூன்று காரணங்கள்

முதலாவது, ஸ்க்ரூ மட்டும் தளர்ந்திருப்பது. மரையும் உலோகமும் நல்ல நிலையில் இருக்கும். அதிர்ச்சியும் எண்ணெயும் சேர்ந்து ஸ்க்ரூவை நழுவவிட்டிருக்கும். துப்பாக்கிக்குத் துரு பிடிக்கக் கூடாது என்று நாம் தாராளமாக எண்ணெய் பூசுகிறோம். அது பேரலின் மேற்பரப்போடு நிற்பதில்லை. சைட்டின் அடிக்குள்ளும் ஸ்க்ரூ மரைக்குள்ளும் ஊறிப் போகிறது. உலோகமும் உலோகமும் உரசிப் பிடிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் இருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் பிடிப்பு வராது.

இரண்டாவது, ஸ்க்ரூவே கெட்டிருப்பது. மரை கழன்றிருக்கலாம், ஆலன் கீ நுழையும் அறுகோணக் குழி வட்டமாகத் தேய்ந்திருக்கலாம். அங்குல அளவுக் கீயை மில்லிமீட்டர் ஸ்க்ரூவில் போட்டுத் திருகினால் இதுதான் நடக்கும். பேரலுக்குள் முனை பதியும் தலையில்லாத சிறு ஸ்க்ரூவாக இருந்தால், பேரலில் அதற்கென்று ஒரு சிறு பள்ளம் இருக்கக்கூடும். சைட்டைக் கழற்றி மாட்டியவர் அந்தப் பள்ளத்தைத் தவறவிட்டிருந்தால், ஸ்க்ரூவின் முனை பள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, சுடச்சுட வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வந்த துப்பாக்கிகளில் இதை முதலில் சந்தேகிக்கலாம்.

மூன்றாவது, சைட்டின் அடிப்பகுதியே கெட்டிருப்பது. பிளாஸ்டிக் அடியில் மயிரிழை விரிசல் விட்டிருக்கலாம். மேலே குறுகிக் கீழே அகன்ற டவ்டெயில் காடியில் நழுவி உட்காரும் சைட் என்றால், அந்தக் காடியின் ஓரங்கள் தேய்ந்திருக்கலாம். துப்பாக்கி ஒருமுறை கீழே விழுந்திருந்தாலும் இப்படி ஆகும்.

இந்த மூன்றில் முதல் இரண்டும் வீட்டு வேலை. மூன்றாவதில் பாதி மட்டும்தான் வீட்டில் முடியும்.

செய்முறை

சைட்டைக் கழற்றும் முன் அது இருந்த இடத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அடிப்பகுதியின் இரண்டு முனைகளும் பேரலில் எங்கே நிற்கின்றன என்று மெல்லிய பென்சிலால் கோடு போடுங்கள். பிறகு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். கீ குழிக்குள் ஆட்டமில்லாமல் முழுவதும் இறங்க வேண்டும். குழியில் அழுக்கு இருந்தால் குண்டூசியால் கிளறி எடுத்துவிட்டுக் கீயைப் போடுங்கள். திரும்ப மறுத்தால் பலம் காட்டாதீர்கள். பழைய உரிமையாளர் ஏதாவது பசை போட்டிருக்கலாம். அந்த நிலையில் கிளப்பில் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஆர்மரரிடம் கொண்டுபோவதுதான் சரி.

கழற்றியதும் மூன்று இடங்களையும் சுத்தம் செய்யுங்கள்: பேரலின் மேற்பரப்பு, சைட்டின் உட்புறம், ஸ்க்ரூ மரை. மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் நனைத்துத் துடையுங்கள். மண்ணெண்ணெய் உதவாது, அது காய்ந்த பிறகும் பிசுக்கு நிற்கும். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும். பேரலில் செந்துரு தெரிந்தால் துணியால் தேய்த்து எடுங்கள். உப்புத்தாளும் அரமும் வேண்டாம். அவை துருவோடு உலோகத்தையும் எடுத்துவிடும். இருக்கும் ஆட்டம் கூடும்.

இப்போது பொருத்துங்கள். இங்கேதான் பொறுமை வேண்டும். முன் சைட் நேர்செங்குத்தாக நிற்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டு இதற்கு மிக நல்ல கருவி. சுவரில் ஒரு நூலைக் கட்டிக் கனமான பொருளைத் தொங்கவிடுங்கள். துப்பாக்கியை இரண்டு மணல் மூட்டைகளின் மேல் வைத்து, இரும்பு உடலின் தட்டையான பகுதியில் குறுக்காக ஒரு சின்ன ரசமட்டம் வைத்து மட்டம் பாருங்கள். பின்னாலிருந்து பார்க்கும்போது முன் சைட்டின் கம்பம் நூலோடு ஒத்துப்போக வேண்டும். ஒருவர் பார்க்க, ஒருவர் திருப்ப, இரண்டு பேர் செய்யும் வேலை இது. பார்ப்பது உங்கள் மகளாக இருக்கட்டும்.

நேராக நின்றதும் ஸ்க்ரூவை இறுக்குங்கள். இரண்டு ஸ்க்ரூ இருந்தால் ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு மற்றதற்குப் போகாதீர்கள். மாற்றி மாற்றிக் கால் சுற்றாக இறுக்குங்கள். ஆலன் கீயின் நீளமான பக்கத்தைக் குழிக்குள் விட்டு, குட்டைப் பக்கத்தை விரல்களால் பிடித்துத் திருப்புங்கள். அப்போது தேவைக்கு மேல் பலம் கொடுக்கவே முடியாது. முழுக் கைப்பலத்தையும் காட்டினால் சின்ன ஸ்க்ரூவின் மரை போகும், அல்லது கவ்வும் வளையம் விரிசல் விடும். தயாரிப்பாளர் கையேட்டில் இறுக்கும் அளவு கொடுத்திருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

மறுபடி தளராமலிருக்க மரைப்பசை போடலாம். திரெட் லாக்கர் என்று ஹார்டுவேர் கடையில் கேளுங்கள். இதில் பலவகை உண்டு. இவ்வளவு சின்ன ஸ்க்ரூவுக்கு ஊதா நிறத்தில் வரும் குறைந்த பலமுள்ள வகை போதும். கிடைக்காவிட்டால் நீல நிற நடுத்தர வகை. சிவப்பு நிறத்தைத் தொடாதீர்கள். அதைக் கழற்ற வேண்டுமானால் பெரும்பாலும் சூடு காட்ட வேண்டியிருக்கும். பேரலுக்குச் சூடு ஆகாது. குண்டூசி முனையளவு பசையை ஸ்க்ரூ மரையில் மட்டும் வையுங்கள். சைட்டுக்கும் பேரலுக்கும் நடுவில் போகக் கூடாது. காற்றில்லாத இடுக்கில் உலோகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அது இறுகும். முழுப்பிடிப்பு வர 24 மணி நேரம் விடுங்கள். சைட்டின் அடி பிளாஸ்டிக் என்றால் இந்தப் பசையையே தவிர்த்துவிடுங்கள். சில பிளாஸ்டிக்குகள் இதனால் வெடித்துப்போகும்.

கடைசியாக, ஸ்க்ரூவின் தலையிலிருந்து சைட்டின் உடல்வரையும், சைட்டின் அடியிலிருந்து பேரல்வரையும் நகப்பூச்சால் மயிரிழைக் கோடு ஒன்று போடுங்கள். இனி எது அசைந்தாலும் அந்தக் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். துப்பாக்கிப் பட்டறைகளிலும் விமானப் பட்டறைகளிலும் கைக்கொள்ளும் முறை இது.

காடி தேய்ந்திருந்தால்

டவ்டெயில் காடி தளர்ந்திருந்தால் மெல்லிய பித்தளைத் தகடு ஒன்றைச் சைட்டின் அடியில் வைத்து நழுவவிடலாம். 0.05 மி.மீ. கனத்தில் தொடங்குங்கள். குளிர்பான டின்னிலிருந்து வெட்டிய அலுமினியத் துண்டு சுமார் 0.1 மி.மீ. இருக்கும், அவசரத்துக்கு அதுவும் உதவும். தாளோ செல்லோ டேப்போ வைக்காதீர்கள். நசுங்கி நசுங்கி ஆட்டம் திரும்ப வரும். தகடு வைத்தால் சைட்டின் உயரம் அந்த அளவுக்குக் கூடும், ஆகவே பெல்லட் கொஞ்சம் கீழே விழும். பின் சைட்டைச் சற்று உயர்த்தி அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

காடியின் விளிம்பை உளியால் குத்தி இறுக்கும் பழைய முறை ஒன்று உண்டு. கனமான ராணுவ ரைஃபிள்களில் பழகிய கைகள் அதைச் செய்கின்றன. ஏர் ரைஃபிள் பேரலில் வீட்டில் அதை முயலக் கூடாது. துளை போடுவதும் கூடாது.

சூப்பர் க்ளூ ஏன் கூடாது என்றால், அது காய்ந்ததும் கண்ணாடிபோல் இறுகிவிடும். ஸ்ப்ரிங் ரைஃபிளின் அதிர்ச்சியில் அது பொடிந்து, பொடி இடுக்கில் தங்கி, சைட்டைச் சாய்ந்த நிலையிலேயே நிறுத்தும். வெல்டிங் அதைவிடக் கேடு. பேரலின் முனைதான் பெல்லட் கடைசியாகத் தொட்டுக்கொண்டு வெளியேறும் இடம். அங்கே சூடு ஏறினால் உலோகம் கோணும், உட்புற வரிகளும் முனை வட்டமும் கெடும். அதற்குப் பிறகு எந்தச் சைட்டைப் போட்டாலும் அந்தத் துப்பாக்கி நேராகச் சுடாது. உங்கள் அண்ணனிடம் இதை விளக்கிச் சொல்லுங்கள். அவர் நல்லெண்ணத்தில்தான் சொல்கிறார், ஆனால் வண்டி ஸ்டாண்டுக்குச் சரியான வைத்தியம் பேரலுக்குச் சரியாகாது.

அடிப்பகுதியில் விரிசல் இருந்தால் ஒட்டிப் பார்க்க வேண்டாம். புதிய முன் சைட் வாங்கி மாட்டுங்கள். வாங்கும் முன் பேரலின் விட்டத்தையோ காடியின் அகலத்தையோ வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் அது இருக்கும்.

சுட்டுப் பார்த்துச் சரிசெய்தல்

பசை இறுகிய பிறகு கிளப்பில் 10 மீட்டரில் சோதியுங்கள். மொட்டைமாடியிலோ தெருவிலோ வேண்டாம். துப்பாக்கியின் முன்கட்டையை மணல் மூட்டையின் மேல் உள்ளங்கை வைத்து, அந்தக் கைமேல் தாங்குங்கள். ஸ்ப்ரிங் ரைஃபிளை நேராகக் கெட்டியான பொருளில் வைத்தால் துள்ளும். ஒரே டப்பாவிலிருந்து ஒரே வகை பெல்லட் எடுத்து, 5 பெல்லட் ஒரே குறியில் சுடச் சொல்லுங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் சைட்டைத் திருகாதீர்கள். 5 துளைகளும் சேர்ந்து எங்கே கூடியிருக்கின்றன என்று பார்த்து, பின் சைட்டை மட்டும் நகர்த்துங்கள். துளைகள் நெருக்கமாகக் கூடி நடுவிலிருந்து தள்ளியிருந்தால் கவலையில்லை. இரண்டு மூன்று சுற்றில் நடுவுக்கு வந்துவிடும்.

துளைகள் இரண்டு தனிக் கூட்டங்களாகப் பிரிந்து விழுந்தால் ஏதோ ஒரு பாகம் இன்னும் இரண்டு நிலைகளுக்கு இடையே நகர்கிறது என்று பொருள். நகப்பூச்சுக் கோட்டைப் பாருங்கள். அது முறியாமல் இருந்தால் பின் சைட்டையும் கட்டையின் ஸ்க்ரூக்களையும் மறுபடி சோதியுங்கள். ஒழுங்கில்லாமல் எல்லாப் பக்கமும் சிதறினால் பெல்லட்டையும் பேரலின் சுத்தத்தையும் பாருங்கள். இவை எல்லாம் சரியாக இருந்த பிறகுதான் உங்கள் மகளின் பிடிப்பையும் மூச்சையும் பற்றிப் பேச வேண்டும். அந்தப் பேச்சைப் பயிற்சியாளரிடம் விட்டுவிடுங்கள்.

பீப் சைட்டுக்குப் போகும்போது

அடுத்த கட்டத்தில் அவள் எடுக்கப்போகும் காற்றழுத்த சிலிண்டர் ரைஃபிளில் உதை மிகக் குறைவு. ஸ்க்ரூ அவ்வளவு சீக்கிரம் தளராது. ஆனால் பெட்டியில் வைத்து ரயிலிலும் பேருந்திலும் கொண்டுபோகும்போது இடிபடும். முன் சைட்டைத் தொடும் முன் சிலிண்டரைக் கழற்றி வைத்துவிடுங்கள். அதில் 200 பார் அளவுக்கு அழுத்தம் இருக்கும். பேரலுக்குள் நிறமுள்ள பாதுகாப்புக் கயிறும் இருக்கட்டும். அந்த வகையில் முன் சைட் குழாய் 25 மி.மீ. விட்டத்தையும் 50 மி.மீ. நீளத்தையும் தாண்டக் கூடாது, துப்பாக்கியின் முனையைத் தாண்டி முன்னே நீட்டிக்கொண்டிருக்கவும் கூடாது என்பது சர்வதேச விதி. பட்டறையில் செய்த குழாயை மாட்டினால் போட்டிக்கு முந்தைய கருவிச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இதே 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் தங்கம் வென்றவர் அபினவ் பிந்த்ரா. 2016 ரியோவில் போட்டி நாளன்று அவருடைய துப்பாக்கி கீழே விழுந்து சைட் உடைந்ததாகச் செய்திகள் வந்தன. அந்த நிலையிலும் அவர் இறுதிச் சுற்றுக்குப் போய் 4ஆம் இடம் பிடித்தார். சைட்டைச் சரிசெய்து மறுபடி குறி நிறுத்திக்கொள்ளத் தெரிந்திருப்பதும் சுடும் திறமையின் ஒரு பகுதிதான்.

சட்டம் சொல்வது

இதுவரை சொன்னதெல்லாம் ஏர் ரைஃபிளுக்கு மட்டுமே. 4.5 மி.மீ. பெல்லட் சுடும், முனை ஆற்றல் 20 ஜூலைத் தாண்டாத ஏர் ரைஃபிளுக்கு 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. அதனால்தான் பள்ளிப் பிள்ளைகள் இதில் பழக முடிகிறது. வெடிமருந்துத் தோட்டா போடும் ரைஃபிள் என்றால் கதை வேறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, அத்தகைய துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் கேட்கிறது. கிளப்பின் .22 ரைஃபிளில் சைட் ஆடினால் அதை லேத் பட்டறைக்குக் கொண்டுபோகவே கூடாது. உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையோ கிளப்பின் ஆர்மரரோ பார்க்கட்டும்.

இனிமேல்

உங்கள் மகள் ஒவ்வொரு பயிற்சிக்கும் முன் செய்ய வேண்டிய சோதனை ஒரு நிமிட வேலை: நகப்பூச்சுக் கோடு முறிந்திருக்கிறதா, இன்சர்ட் ஆடுகிறதா, பின் சைட்டும் கட்டை ஸ்க்ரூக்களும் இறுக்கமாக இருக்கின்றனவா. சரிசெய்த முதல் நாள் 20 குண்டுக்கு ஒருமுறை பார்க்கட்டும். பிறகு பயிற்சியின் தொடக்கத்திலும் முடிவிலும் போதும். துப்பாக்கி கீழே விழுந்தால், எங்கேயாவது இடித்துக்கொண்டால், உடனே பார்க்க வேண்டும். பேரலுக்கு எண்ணெய் பூசும்போது சைட்டின் அடியை விட்டுவிட்டுப் பூசட்டும். மழைக்காலத்தில் அந்த இடத்தை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

இந்த வேலையை நீங்களோ அண்ணனோ செய்துகொடுத்துவிடாதீர்கள், அவள் கையாலேயே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். தன் ரைஃபிளின் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அறிந்த பிள்ளை, பெல்லட் தள்ளி விழும்போது பயப்படுவதில்லை. முதலில் கருவியைச் சோதிப்பாள், அது சரியென்றால் தன் பிடிப்பைத் திருத்திக்கொள்வாள். அந்த வரிசையில் யோசிக்கப் பழகிவிட்டால், எந்தப் போட்டி மேடையிலும் அவள் தன்மேல் வீணாகப் பழிபோட்டுக்கொள்ள மாட்டாள்.